நகர்ந்துகொண்டே இருந்த மேசை

அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. விடியும்போதே எழுந்துவிட்டேன். இரவு பெய்த மழையில் வாசல் நனைந்திருந்தது. பால் வாங்கி வைத்தேன். அடுப்பில் வெந்நீர் போட்டேன். கயலை எழுப்பினேன்.

அவள் பாதிக் கண்ணை மூடியபடியே குளியலறைக்குப் போனாள். சிறிய பிளாஸ்டிக் கோப்பையைக் கொண்டுவந்து கொல்லைப்படியில் வைத்துவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் புட்டியிலிருந்து ஒரு சோதனைக் குச்சியை எடுத்துக் கோப்பையில் நனைத்தேன். உதறி, புட்டியின் மேல் அச்சிட்டிருந்த வண்ணக் கட்டங்களோடு வைத்துப் பார்த்தேன். மஞ்சள். நாட்குறிப்பில் ‘மஞ்சள்’ என்று எழுதினேன்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லா நாளும் இப்படித்தான் தொடங்கியது. குச்சி மஞ்சளாகவே இருந்தால் சிறுநீரில் புரதம் போகவில்லை என்று அர்த்தம். அன்றைய பொழுது எங்களுடையது. பச்சையானால் கவலை. பச்சை அடர அடர மாத்திரை கூடும், முகம் வீங்கும், தஞ்சாவூருக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கும்.

“நெல்லு வெளையிற ஊர்ல பச்சையப் பாத்துப் பயப்படுற ஒரே ஆளு நீங்கதான்” என்பாள் என் மனைவி மல்லிகா.

வயல் அவள் பொறுப்பு. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, கிளை வாய்க்கால் ஒன்றின் வால்பகுதியில் எங்கள் நிலம். சொந்தம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம். நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். பத்து மணிக்குப் போனால் போதும் என்பதால் காலை வேளையும் கயலும் என் பொறுப்பு.

இட்லி வைத்தேன். கயலுக்கு உப்புக் கூடாது. அவளுக்குக் கிடையாது என்றால் எங்களுக்கும் கிடையாது என்று முடிவு செய்திருந்தோம். சட்னியில் எலுமிச்சம்பழம் பிழிந்து சமாளித்தேன்.

“அப்பா, நீங்க சமையக்கட்டுல நின்னுக்கிட்டே ஊறுகாய் நக்கிட்டு வர்றது எனக்குத் தெரியும்” என்றாள் கயல்.

“எப்படித் தெரியும்?”

“இட்லியச் சாப்புடும்போது சிரிக்கிறீங்களே.”

சாப்பிட்டதும் மாத்திரை. அதன் பிறகு நான் கூடத்தைப் பெருக்கினேன். பெருக்கும்போதுதான் பார்த்தேன், மேசை மறுபடியும் டிவி இருக்கும் சுவரோரம் போயிருந்தது.

கயலின் படிப்பு மேசை அது. அதற்கென்று ஜன்னலோரத்தில் ஓர் இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்து வைத்திருந்தேன். அங்கே உட்கார்ந்தால் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரும். எழுதும் கையின் நிழல் தாளில் விழாது. காற்றும் வரும்.

“அப்பா, இன்னைக்கு ஒரு நாள் அங்கயே இருக்கட்டும்ப்பா.”

“இருட்டுல என்னத்தப் படிப்ப?”

“நாளைக்கு நானே எடுத்துடுறேன்.”

“நாளைக்கு எடுக்கறத இன்னைக்கே எடுத்தா என்ன?”

மேசையை ஜன்னலுக்குத் தள்ளினேன். அதன் ஒரு கால் தரையில் கீச்சென்று இழுபடும்.

மண்வெட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்த மல்லிகா வாசலில் நின்று சொன்னாள். “விடு கயலு. உங்கப்பாவுக்கு மேசை நகந்தா ஊரே நகந்த மாதிரி.”

மேசையைப் பற்றி இன்னும் கொஞ்சம்

அந்த மேசை இப்போதும் ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது. கயல் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் பெருக்கும்போது அதை நகர்த்திவிட்டுத் திரும்ப வைக்கிறேன். வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அந்த வருடம் நான் விரும்பியது இதைத்தான்.

அப்போதெல்லாம் அது ஓர் இடத்தில் நிற்காது. ஒரு வாரம் பின்பக்கம் நெல்மூட்டைகளை ஒட்டிக் கிடக்கும். ஒரு வாரம் சாமி அலமாரிக்குக் கீழே. நான் ஜன்னலுக்குத் தள்ளுவேன். சங்கத்திலிருந்து திரும்புவதற்குள் பழையபடி போயிருக்கும். ஆனால் சில வாரங்களில் சண்டையே இருக்காது. நான் வைத்த ஜன்னலோரத்திலேயே ஏழு நாளும் சமர்த்தாக நிற்கும். அடுத்த வாரம் டிவிக்கு முன்னால் போய்விடும்.

மாத்திரையால் வரும் எரிச்சலோ என்று சந்தேகம் வந்தது. தஞ்சாவூர் டாக்டரிடம் கேட்டேன். “பசி கூடும், தூக்கம் கெடும், கோபம் வரும். மேசைய நகர்த்தச் சொல்லும்னு நான் படிச்சதில்லயே சார்” என்றார். கயல் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

வீங்கிய கண்கள்

நோய் முதலில் தெரிந்தது அவள் எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது. காலையில் எழுந்தவளுக்கு இரண்டு கண்ணிமையும் உப்பியிருந்தன. இரவெல்லாம் படித்தாள், தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். மல்லிகா கொசு என்றாள். மறுநாள் காலில் செருப்பு நுழையவில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சிறுநீரகம் புரதத்தைப் பிடித்துவைக்காமல் வெளியே விடுகிறது. மாத்திரையில் அடங்கும். ஒரு சளி பிடித்தால் போதும், மறுபடி தலைதூக்கும். அடங்கி அடங்கித் திரும்பிவரும் வகை. வளர வளரச் சரியாகிவிட வாய்ப்பு அதிகம். ஆனால் இப்போதைக்குக் கூட்டம் வேண்டாம்.

எந்தக் கூட்டம் என்று கேட்டேன். கல்யாணம், திருவிழா, பேருந்து என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில் பள்ளிக்கூடத்தையும் சொன்னார்.

பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர். “இந்த வருஷம் வீட்ல இருந்து உடம்பப் பாத்துக்கட்டும் சார். அடுத்த வருஷம் திரும்ப ஒன்பதாவதுல சேத்துக்கலாம். ஒரு வருஷம்தானே” என்றார்.

கயல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழாது என்று நினைத்தேன். வண்டியில் திரும்பினோம். வாய்க்கால் பாலத்தில் வண்டி ஏறும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

“அபி பத்தாவது போயிடுவா.”

அபிநயா எங்கள் தெருவில் இருக்கும் பெண். முதல் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு.

மறுநாள் நான் மட்டும் மறுபடி பள்ளிக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவின் வகுப்பாசிரியை ரோஸ்லின் டீச்சர் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டார். “பேரு என் கிளாஸ்லயே இருக்கட்டும் சார். பாடத்த நான் அனுப்புறேன். ஹெட்மாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார். பேசவும் செய்தார். அந்த ஒரு வார்த்தையில்தான் கயல் அந்த வருடத்தைத் தாண்டினாள்.

சத்தம்

நான் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதல் பாடவேளை கணிதம். இடைவேளை. மதிய உணவு. விளையாட்டு என்றும் ஒரு கட்டம் இருந்தது. பள்ளியில் இருக்கிறதே என்று எழுதிவிட்டேன். அந்த நேரம் வந்ததும் கயல் அட்டவணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுநாள் அந்தக் கட்டத்தில் ‘ஓவியம்’ என்று மாற்றி எழுதினேன்.

ரோஸ்லின் டீச்சர் பாடம் நடத்தும்போதே செல்போனில் பதிவு செய்து மாலையில் அனுப்புவார். கயல் அதைக் கேட்டுக் குறிப்பு எடுப்பாள். எடுத்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து போடுவாள்.

“புரியலயா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“புரிஞ்சுது.”

“அப்புறம் எதுக்கு?”

விரலை உயர்த்தி என்னை அடக்கினாள். போனில் டீச்சரின் குரலுக்குப் பின்னால் ஏதோ தகர டப்பா விழும் ஓசை, அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பலை.

“ரித்திகா” என்றாள் கயல். “அவ பாக்ஸ்தான் தெனம் விழும்.” இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, “இது அபி இருமுறது. இப்ப பாருங்க, வெளிய ஐஸ் வண்டி போவும்” என்றாள். போயிற்று.

பாடத்தை நான் அவளுக்கு வீட்டில் கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவள் தேடியது அந்த டப்பா விழும் சத்தத்தை.

அபி வந்தாள்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். இரண்டு நாள் முன்புதான் தஞ்சாவூர் போய் வந்திருந்தோம். தீபாவளி வரை மஞ்சளாகவே இருந்தால் அதற்குப் பிறகு அரை நாள் பள்ளிக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரோஸ்லின் டீச்சருக்கும் அன்றே சொல்லிவிட்டேன். கயல் சீருடையை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டாள். மாத்திரையால் உடம்பு பூசியிருந்ததில் இடுப்பு பிடித்தது. மல்லிகா தையல் பிரித்து விட்டாள்.

மதியம் அபி சைக்கிளில் வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் வருவாள்.

“கயல் இருக்காளா மாமா?”

“எங்க போயிடப்போறா? கை கழுவு.”

“கழுவிட்டேன், ரெண்டு தடவ. இன்னொரு தடவ கழுவுனா ரேகையே போயிடும்.”

உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு குட் நியூஸ். டீச்சர் உனக்கு சீட்டு போட்டாச்சு. முதல் பெஞ்சு, கதவோரம், ஃபேனுக்கு நேர் கீழ. பேரு எழுதி ஒட்டிட்டாங்க. நான்தான் சுத்தி பூ போட்டேன்.”

கயல் சிரித்தாள். “இந்த வாரம் நாம முதல் பெஞ்சுதானே. நாளைக்குக் கடைசிக்குப் போயிடுவோம்ல?”

“நாங்க போவோம். நீ போவ வேணாம். உனக்கு மாறவே மாறாது. வருஷம் பூரா அங்கயே இருக்கலாம். ஃபேனுக்குக் கீழ! யாருக்குடி கெடைக்கும்?”

“நாங்கன்னா?”

அபி சிரிப்பை நிறுத்தினாள்.

அவர்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் பக்கம் நான்கு பெஞ்சு. திங்கட்கிழமைதோறும் முதல் பெஞ்சில் இருப்பவர்கள் கடைசிக்குப் போவார்கள், மற்றவர்கள் ஒரு பெஞ்சு முன்னால் வருவார்கள். எல்லாருக்கும் எல்லா இடமும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. இது எனக்கு அன்றுதான் தெரியும்.

“நம்ம பெஞ்சுல எனக்கு ஏன் எடமில்ல?” என்றாள் கயல்.

“தாரணி இருக்கால்ல.”

“எப்பலேருந்து?”

அபி நகத்தைக் கடித்தாள். “ஜூலையிலேருந்து.”

“வாராவாரம் நான் கேட்டேன்ல?”

“நம்ம பெஞ்சு எங்க இருக்குன்னு கேட்ட. எங்க இருந்துச்சோ அத கரெக்டா சொன்னேன். பொய் சொல்லலடி.”

“அப்ப நான் எங்க உக்காந்திருந்தேன்?”

நான் துணியை வைத்துவிட்டு அவர்கள் பக்கம் போனேன். “என்ன கயலு, இங்கதானேம்மா, இந்த மேசையில…”

அவள் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. நெல்மூட்டைகளைக் காட்டினாள். “அது கடைசி பெஞ்சு.” சாமி அலமாரியைக் காட்டினாள். “அது மூணாவது. ஜன்னலு ரெண்டாவது, எங்க கிளாஸ்லயும் ரெண்டாவது பெஞ்சுக்குத்தான் ஜன்னலு. டிவிதான் போர்டு. திங்கக்கெழமயானா நான் மாறி உக்காருவேன். நீங்க வந்து வந்து என்ன ரெண்டாவது பெஞ்சுக்கே தள்ளிக்கிட்டிருந்தீங்க.”

நான் நெல்மூட்டைகளையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“நான் ஸ்கூலுக்குப் போவல. பேரு ஒட்டுன சீட்டு எனக்கு வேணாம். அது சீக்காளி சீட்டு.”

அபி அழுதுகொண்டே சைக்கிளை எடுத்தாள். “பூவெல்லாம் நல்லாதாண்டி போட்டேன்” என்றாள் தெருவில் இறங்கும்போது.

முறை

மல்லிகா வயலிலிருந்து வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கயல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாப்பிடவில்லை. மாலை மாத்திரைக்கு நான் கெஞ்ச வேண்டியிருந்தது. காலைக் கழுவிக்கொண்டே மல்லிகா எல்லாவற்றையும் கேட்டாள்.

“டீச்சர் நல்லதுக்குத்தான் செஞ்சிருக்காங்க” என்றேன். “அடிக்கடி பாத்ரூம் போகணும், காத்து வேணும். கதவோரம் வசதிதானே. இதுல என்ன கொறை?”

மல்லிகா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் குறைவு. வாய்க்கால்களுக்கு முறைவைத்து விட்டார்கள். ஒரு வாய்க்காலுக்குச் சில நாள், அடைத்துவிட்டு அடுத்ததற்குச் சில நாள். வாய்க்காலுக்குள்ளும் மடைக்கு மடை முறை உண்டு. எங்கள் முறை ஒரு தடவை தவறிப்போனது. மேலே யாரோ அடைக்கவில்லை. மல்லிகா கரையில் நின்று சத்தம் போட்டுவிட்டு வந்தாள். பக்கத்து வயல்காரர் மனம் கேட்காமல் தன் மடையிலிருந்து கொஞ்சம் திறந்துவிட்டார். பயிர் பிழைத்தது. அன்றிரவு மல்லிகா சாப்பிடவில்லை.

“அன்னைக்கும் நீங்க இதேதான் கேட்டீங்க” என்றாள் இப்போது. “தண்ணி வந்துடுச்சே, அப்புறம் என்ன கொறைன்னு. வந்துச்சு. எம் முறையில வரலயே. எரக்கப்பட்டு ஒருத்தர் தொறந்து விட்டாரு. அடுத்த வருஷம் இந்த வாய்க்கால்ல எனக்கு ஒரு முறை இருக்குன்னு யாருக்காச்சும் நெனப்பு இருக்குமா?”

துண்டால் முகத்தைத் துடைத்தாள். “அவளுக்கு ஃபேன் வேணாங்க. அவ முறை வேணும். கடைசி பெஞ்சுன்னா கடைசி பெஞ்சு.”

ரோஸ்லின் டீச்சருக்குப் போன் போட்டேன். மல்லிகா ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள். நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்ததும் டீச்சர் சற்றுத் தடுமாறினார்.

“சார், கொழந்தைக்கு வசதியா இருக்கட்டும்னுதான்… பேரெல்லாம் ஒட்டி…”

“தெரியும் டீச்சர். நீங்க செஞ்சத நாங்க மறக்க மாட்டோம். ஆனா மத்தவங்களுக்கு மாறுற மாதிரி அவளுக்கும் மாறட்டும்” என்றேன்.

“அந்த பெஞ்சுல ஏற்கெனவே மூணு பேரு, நாலு பேரா நெருக்கி உக்கார வைக்க முடியாதே. டாக்டர் கூட்டம் வேணாம்னு சொல்லியிருக்காரு.”

அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கயல் எழுந்து வந்தாள்.

“டீச்சர், தாரணிக்கு ஃபேன் சீட்டுன்னா உயிரு. அவள அங்க போடுங்க. அபியக் கேட்டா தெரியும்.”

மறுமுனையில் டீச்சர் சிரித்துவிட்டார். “நீ எப்படிக் கண்டே? தாரணி நேத்தே என்கிட்ட கேட்டுட்டா.” பிறகு குரல் தணிந்தது. “நாளைக்கு உங்க பெஞ்சு எதுன்னு தெரியுமா கயல்?”

“கடைசி. இந்த வாரம் முதல்ல இருந்தோம்ல.”

“நீ இங்க வர்றதே இல்லையேம்மா. எப்படிக் கணக்கு வச்சிருக்க?”

கயல் மேசையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

“சரி. பெஞ்சு மாறும்போது நீயும் மாறிக்க. ஆனா எந்த பெஞ்சா இருந்தாலும் ஓரத்துல நீதான் உக்காரணும். எழுந்து போக வழி வேணும். அதுல விட்டுக்கொடுக்க மாட்டேன்.”

“சரி டீச்சர்.”

“பேரக் காலையில பிச்சிடுறேன்.”

“பிக்காதீங்க டீச்சர். அபி பூ போட்டிருக்கா. எடுத்து வைங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்.”

வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். மல்லிகா என் பக்கம் திரும்பவில்லை. சோறு போடத் தட்டை எடுத்தாள். மூவரும் உப்பில்லாத ரசம் சாப்பிட்டோம்.

படுத்த பிறகு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதத்திலிருந்து என் மகள் இந்தக் கூடத்துக்குள்ளேயே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்தில் அபி, எதிரே கரும்பலகை, பின்னால் யாரோ டப்பாவைக் கீழே போடுகிற சத்தம். நான் விளக்குமாற்றோடு அந்த வகுப்பின் நடுவே நடந்து போயிருக்கிறேன்.

இப்போது வீட்டில் அந்த வகுப்பு இல்லை. மேசையை மாற்றிவைக்க ஆளில்லை. திங்கட்கிழமை காலையில் கூடத்துக்கு வரும்போது என் கண் முதலில் நெல்மூட்டைப் பக்கம் போய், சாமி அலமாரியைத் தொட்டு, கடைசியில்தான் ஜன்னலுக்கு வருகிறது. அது அங்கேயே இருக்கிறது.

அன்று அப்படி இல்லை. மறுநாள் திங்கட்கிழமை. விடியும்போதே எழுந்தேன். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. குச்சிப் புட்டியைத் தொடவில்லை. கூடத்துக்குப் போய், கால் தரையில் கீச்சிடாதபடி மேசையைத் தூக்கி, நெல்மூட்டைகளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அங்கே வெளிச்சம் போதாது, விளக்கைப் போட்டேன். நாற்காலியை ஓரமாக, எழுந்து போக வழி விட்டுப் போட்டேன்.

பிறகுதான் கயலை எழுப்பினேன்.